ஹான்வெல்லில் எழுதிய வழிநூல்

கிளாசிக் ராக் வாசிப்பதற்கு எந்த ஆம்ப்ளிஃபயரை வாங்குவது என்னும் கேள்வி, கிட்டார் பழகத் தொடங்கி ஓரிரு ஆண்டுகள் கடந்தோர் ஒவ்வொருவர் வாயிலிலும் ஒருநாள் வந்து நிற்கிறது. கடைக்காரரிடம் கேட்டால் விலைப்பட்டியல் கிடைக்கும். வாசிப்போரிடம் கேட்டால் அவரவர் வீட்டில் இருக்கும் பெட்டியின் பெயர் கிடைக்கும். வரலாற்றிடம் கேட்டால் என்ன கிடைக்கும் என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இலக்கியம் பேசும் இடத்தில் மின்சாரப் பெட்டிக்கு என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை யாழாசிரியனுக்கும் குழலோனுக்கும் தண்ணுமையோனுக்கும் தனித்தனியே அமைதி கூறுகிறது. அக்காப்பியத்தின் இசைக்குறிப்புகளைத் துணைக்கொண்டு, வழக்கொழிந்த யாழ்களின் வடிவை ஆராய்ந்த விபுலாநந்த அடிகள் தம் யாழ்நூலை 1947-இல் அரங்கேற்றினார். கருவியை அறியாமல் இசையை முழுதும் அறிய இயலாது என்பது நம் மரபுக்குப் புதிய செய்தியன்று. மின்கிட்டாரைப் பொறுத்தவரை, கருவியின் பாதி வாசிப்பவன் கையில் இருக்கிறது. மறு பாதி அவன் முதுகுக்குப் பின்னால், தரையில் இருக்கிறது. அந்த மறு பாதியைப் பற்றியே இங்குப் பேசுகிறோம்.

சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. ஒலிபெருக்கி என்று எழுதினால் ஆடி மாதத்துக் கோயில் வாசலில் கட்டிய குழாய்தான் நம் கண்முன் வரும். ஆகவே ஆம்ப்ளிஃபயர் என்றே எழுதுவோம்.

பணியாளாய்ப் பிறந்த கருவி

1930-களில் அமெரிக்க நடன அரங்குகளில் பித்தளைக் குழல்களின் பெருமுழக்கத்துக்கிடையே கிட்டாரின் குரல் எடுபடவில்லை. கம்பியின் அதிர்வைக் காந்தச் சுருளால் மின்னலைகளாக மாற்றி, வானொலியில் வழங்கிய வால்வுகளைக் கொண்டு அவ்வலைகளைப் பெருக்கி, ஸ்பீக்கர் வழியே வெளிவிடும் ஏற்பாடு அப்போது தோன்றியது. கிப்ஸன் நிறுவனம் 1936-இல் ஈ.எஸ்.150 என்னும் மின்கிட்டாரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஜாஸ் கலைஞர் சார்லி கிறிஸ்டியன் அதைக் கையிலெடுத்த பின், பக்கவாத்தியமாக இருந்த கிட்டார் தனி ஆவர்த்தனம் செய்யும் நிலைக்கு உயர்ந்தது.

அந்நாளைய ஆம்ப்ளிஃபயருக்கு இட்ட பணி ஒன்றே. வாசித்ததை வாசித்தபடியே, கூட்டாமலும் குறைக்காமலும், கடைசி வரிசைக்குக் கொண்டுசேர்க்க வேண்டும். தூதுவன் தன் கருத்தைச் சேர்த்துச் சொல்லலாகாது என்பது போன்ற கட்டுப்பாடு அது.

இப்பணியைச் செம்மையாகச் செய்தவர்களுள் முதல்வர் லியோ ஃபெண்டர். கலிபோர்னியாவின் ஃபுல்லர்டன் நகரில் 1938-இல் வானொலி பழுதுபார்க்கும் கடை தொடங்கியவர். 1946-இல் தம் பெயரில் நிறுவனம் அமைத்தவர். அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது என்பது வியப்பான செய்தி. வாசிப்போர் வந்து சொன்ன குறைகளைக் காது கொடுத்துக் கேட்டு, பழுதுபார்ப்பவர் கண்ணோடு பெட்டிகளை வடிவமைத்தார். எளிதில் திறக்கலாம், எளிதில் சரிசெய்யலாம், எளிதில் உடையாது என்பவை அவர் பெட்டிகளின் இயல்புகள்.

1952-இல் அவர் பேஸ்மேன் என்னும் ஆம்ப்ளிஃபயரை வெளியிட்டார். பெயரே சொல்வதுபோல் அது பேஸ் கிட்டாருக்காகச் செய்தது. முதலில் 15 அங்குல ஸ்பீக்கர் ஒன்று இருந்தது. பின்னர் 10 அங்குல ஸ்பீக்கர்கள் 4 இடம்பெற்றன. 1950-களின் இறுதியில் வந்த வடிவத்தில் இதன் மின்சுற்று முதிர்ந்த நிலையை எட்டியது. யாருக்காகச் செய்தாரோ அவர்களைக் காட்டிலும் சாதாரண கிட்டார் வாசிப்போரே அதை மிகுதியும் விரும்பினர். ராக் இசையின் வரலாற்றில் நாம் அடிக்கடி காணப்போகும் முறைமாற்றங்களில் இது முதலாவது.

அக்ஸ்பிரிட்ஜ் சாலையில் ஒரு மேளக்கடை

இனிக் கடல் கடந்து இங்கிலாந்துக்குச் செல்வோம். போருக்குப் பிந்திய பிரிட்டனில் அந்நியச் செலாவணி அரிதாக இருந்தது. அமெரிக்க இசைக்கருவிகளின் இறக்குமதிக்கு 1959 வரை கடுங்கட்டுப்பாடு நிலவியது. அது தளர்ந்த பிறகும் ஃபெண்டர் பெட்டியொன்றை வாங்குவது உழைக்கும் குடும்பத்து இளைஞனுக்கு எட்டாக் கனியாகவே இருந்தது.

லண்டனின் மேற்கே ஹான்வெல் பகுதியில், அக்ஸ்பிரிட்ஜ் சாலையில் ஜிம் மார்ஷல் என்பவர் 1960-இல் ஒரு கடை திறந்தார். 1923-இல் பிறந்தவர். இளமையில் எலும்புருக்கி நோயால் உடல் முழுதும் மாவுக்கட்டில் கிடந்து, பள்ளிப்படிப்பைப் பெரும்பாலும் இழந்தவர். பின் டிரம்ஸ் வாசிப்பவராகவும் அதைக் கற்பிக்கும் ஆசிரியராகவும் ஆனவர். ஆகவே அவர் கடையும் முதலில் மேளக்கடைதான். டிரம்ஸ் வாங்க வந்தோர் தம் குழுவின் கிட்டார்காரர்களையும் அழைத்துவந்தனர். ரிச்சி பிளாக்மோர், பிக் ஜிம் சல்லிவன், பீட் டவுன்ஷெண்ட் முதலியோர் அங்கு வந்து போயினர். டவுன்ஷெண்டின் தந்தை சாக்ஸஃபோன் கலைஞர். மார்ஷலுக்கு முன்பே அறிமுகமானவர். பிற கடைகளில் ராக் வாசிக்கும் இளைஞர்களை ஏளனமாக நடத்திய காலம் அது. இங்கோ அவர்கள் பேச்சைக் கேட்க ஓர் ஆள் இருந்தார். தங்களுக்கு எப்படிப்பட்ட ஒலி வேண்டும், அது ஏன் கடைகளில் கிடைக்கவில்லை என்று அவர்கள் அவரிடம் சொல்லிக்கொண்டே இருந்தனர்.

மார்ஷலுக்கு மின்னணுவியல் தெரியாது. கடையில் பழுதுபார்த்த கென் பிரானுக்கு அது தெரியும். ஈ.எம்.ஐ. நிறுவனத்தில் பயிற்சி பெற்றுவந்த டட்லி கிரேவன் என்னும் பதின்ம வயது இளைஞரையும் சேர்த்துக்கொண்டனர். ஃபெண்டர் பேஸ்மேனை முன்மாதிரியாக வைத்து வேலையைத் தொடங்கினர். ஒன்றன்பின் ஒன்றாக மாதிரிகளைச் செய்து தள்ளி, ஆறாவது மாதிரியில்தான் தாம் தேடிய ஒலி கிடைத்தது என்று மார்ஷல் பின்னாளில் கூறினார். 1962-இல் பிறந்த அப்பெட்டிக்கு ஜே.டி.எம்.45 என்று பெயர். ஜிம், அவர் மகன் டெர்ரி, மார்ஷல் என்னும் பெயர்களின் முதலெழுத்துகள் அவை.

முதல்நூலும் வழிநூலும்

இது அப்பட்டமான நகல் என்று சொல்வோர் உண்டு. மின்சுற்றின் வரைபடங்களை அருகருகே வைத்துப் பார்த்தால் மறுப்பது கடினம். வால்வுகளின் வரிசை, ஒலித்திருத்தக் குமிழ்களின் அமைப்பு எல்லாம் ஏறத்தாழ ஒன்றே. அப்படியானால் இரண்டும் ஏன் வேறுவேறாக ஒலிக்கின்றன?

தொல்காப்பிய மரபியல் நூல்களை முதல்நூல், வழிநூல் எனப் பகுத்து, வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என நால்வகைப்படுத்துகிறது. பின் வந்த நன்னூலார், முன்னவன் முடிபை ஏற்றுக்கொண்டே பின்னவன் தான் வேண்டும் வேறுபாடுகளைச் செய்ய இடமளிக்கிறார். ஜே.டி.எம்.45 ஒரு வழிநூல். அதிலும் மொழிபெயர்ப்பு வகையைச் சார்ந்தது என்பது நம் கருத்து. அமெரிக்கப் பொருள்களால் சொன்னதைப் பிரிட்டனில் கிடைத்த பொருள்களால் அவர்கள் திரும்பச் சொன்னார்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் நேரான சொல் கிடைக்காதபோது மொழிபெயர்ப்பில் என்ன நேருமோ, அதுவே இங்கும் நேர்ந்தது.

பேஸ்மேனின் முதல் வால்வுக்குப் பதிலாக, அதைவிட மிகுதியாகப் பெருக்கும் ஈ.சி.சி.83 வால்வை இட்டார்கள். வெளியீட்டு வால்வுகளாக முதலில் அமெரிக்க வகை இருந்தது. பிறகு பிரிட்டனில் செய்த கே.டி.66 வந்தது, 1966, 67 வாக்கில் விலையும் கிடைப்பும் கருதி இ.எல்.34 வந்து நிலைத்தது. மின்மாற்றி உள்ளூர்ச் சரக்கு. ஃபெண்டரின் பெட்டி பின்புறம் திறந்தது. ஒலி முன்னும் பின்னும் பரவும். மார்ஷல் குழுவினர் செலஸ்டியன் நிறுவனத்தின் 12 அங்குல ஸ்பீக்கர்கள் நான்கை, பின்புறம் மூடிய தனிப் பெட்டியில் அடைத்தனர். நான்கு எதற்கு? அந்நாளைய ஸ்பீக்கர்கள் ஒவ்வொன்றும் 15 அல்லது 20 வாட் அளவே தாங்கின. இரண்டை வைத்தால் கிழிந்தன. பெட்டியின் அளவு? நான்கு ஸ்பீக்கர்கள் அடங்கும் மிகச்சிறிய பெட்டி அது, அவ்வளவே. இன்று ராக் மேடையின் அடையாளச் சின்னமாக நிற்கும் அக்கரும்பெட்டியின் வடிவத்தைத் தீர்மானித்தது தச்சனின் சிக்கனம்.

மூடிய பெட்டியிலிருந்து வந்த ஒலி திரண்டு நெஞ்சில் மோதியது. புதிய வால்வுகளின் வழியே வந்த ஒலி சற்று விரைவில் சிதைந்தது. அந்தச் சிதைவே அதன் பெருமையாயிற்று.

திரிபு என்னும் அழகு

இவ்விடத்தில் சற்றே நின்று, வால்வுக்குள் நடப்பதைக் காண்போம். பழைய வால்வு ரேடியோவை வீட்டில் கண்டவர்களுக்கு விளக்குவது எளிது. குமிழைத் திருகியவுடன் பாட்டு வராது. உள்ளே ஆரஞ்சு நிறத்தில் இழை கனன்று, சில நொடிகள் கழிந்த பின்னரே குரல் எழும். அக்கனலில் சூடேறிய உலோகத்திலிருந்து எலெக்ட்ரான்கள் கிளம்பி, வெற்றிடத்தைக் கடந்து, எதிரே நேர்மின்னேற்றம் பெற்று நிற்கும் தகட்டை நோக்கிப் பாய்கின்றன. இடையில் ஒரு கம்பிவலை. கிட்டாரிலிருந்து வரும் மெல்லிய மின்னலை இவ்வலையை அடைகிறது. மதகைச் சற்றே அசைத்தால் வாய்க்கால் முழுவதும் ஏறி இறங்குவதுபோல, வலையில் நிகழும் சிறு மாற்றம் தகட்டில் பெருமாற்றமாகிறது. பெருக்கம் என்பது இதுதான்.

ஆனால் மதகை முழுதும் திறந்த பின் மேலும் திறக்க இயலாது. ஒலிக்குமிழை உச்சத்துக்குத் திருகி, கம்பியை ஓங்கி மீட்டும்போது அலையின் சிகரம் வால்வின் எல்லையில் முட்டி மழுங்குகிறது. மழுங்கிய அலையில் மூல ஒலியில் இல்லாத மேலொலிகள் பிறக்கின்றன. உரத்த ஒலி தடைப்பட, தேய்ந்துவரும் ஒலி தூக்கிப் பிடிக்கப்படுவதால், ஒரு முறை மீட்டிய கம்பி வில்லிட்டு இழைத்த வயலின் போல நீண்டு ஒலிக்கிறது. வால்வு இதை மென்மையாக, படிப்படியாகச் செய்கிறது. 1960-களில் வந்த டிரான்ஸிஸ்டர் ஆம்ப்ளிஃபயர்கள் எல்லை வரை தெளிவாக ஒலித்து, எல்லையில் சட்டென முறிந்தன. வாசிப்போர் பலர் வால்வையே பற்றி நின்றதற்கு இது முதன்மையான காரணம்.

பொறியாளர் அகராதியில் இதற்குச் சிதைவு என்று பெயர். இலக்கணம் பயின்ற நமக்கோ திரிதல் பிழையன்று. சொற்கள் புணரும்போது தோன்றலும் திரிதலும் கெடுதலும் நிகழ்கின்றன. திரிந்தால்தான் இரண்டும் ஒன்றாகும். ராக் இசையும் இத்திரிபுக்கேற்ப ஓர் இலக்கணத்தை வகுத்துக்கொண்டது. திரிந்த ஒலியில் மூன்று நான்கு சுரங்களைச் சேர்த்து வாசித்தால் ஒன்றோடொன்று மோதிக் குழம்பும். குரலும் இளியுமாகிய இரண்டு சுரங்களை மட்டும் சேர்த்தால், அவற்றின் அதிர்வு விகிதம் 2:3 என்னும் எளிய அளவில் அமைவதால், குழப்பமின்றித் திரண்டு நிற்கும். ராக் கிட்டாரின் அடிப்படையாகிய பவர் கார்டு இதுவே. கருவியின் குறை இசையின் இலக்கணத்தை எழுதிய இடம் இது.

மார்ஷலுக்கு முன்பே திரிபை நாடியோர் இருந்தனர். 1951-இல் மெம்ஃபிஸ் நகரில் பதிவான 'ராக்கெட் 88' பாட்டில், வழியில் சேதமுற்ற ஆம்ப்ளிஃபயரின் கரகரப்பை அப்படியே விட்டுவிட்டார் சாம் ஃபிலிப்ஸ். லிங்க் ரே 1958-இல் வெளிவந்த 'ரம்பிள்' என்னும் பாட்டுக்காக ஸ்பீக்கரில் துளையிட்டார். 1964-இல் கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் தம் சிறிய ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கர் தாளைச் சவரக் கத்தியால் கிழித்தார். விபத்தாகத் தொடங்கி வேண்டுமென்றே செய்யும் செயலாக இது மாறிய 13 ஆண்டுகளில், ஒரு தலைமுறையின் செவி மாறியதைக் காண்கிறோம்.

1966, ஒரு பதிவுக்கூடம்

மாறிய செவிக்கு முழுமையான சான்று 1966 ஜூலையில் வெளிவந்தது. ஜான் மேயால் குழுவினரின் 'புளூஸ் பிரேக்கர்ஸ்' இசைத்தட்டுக்காக லண்டன் டெக்கா பதிவுக்கூடத்துக்கு வந்த எரிக் கிளாப்டன், தம் மார்ஷல் ஆம்ப்ளிஃபயரை மேடையில் வைக்கும் அதே உரத்த அளவில்தான் வைப்பேன் என்று பிடிவாதம் பிடித்தார். கிட்டாரைத் தாழ்த்தி வைத்து, மைக்கை அருகில் வைத்துப் பதிவது அந்நாளைய முறை. ஒலிப்பொறியாளர் கஸ் டட்ஜன் திகைத்துப்போனார். தயாரிப்பாளர் மைக் வெர்னன் இடைநின்று சமாதானம் செய்ய, மைக்கைத் தள்ளி வைத்துப் பதிவு நடந்தது. கிப்ஸன் லெஸ் பால் கிட்டாரும் மார்ஷலும் சேர்ந்த அந்த ஒலி, பின் வந்த தலைமுறைக்கு இலக்கணமாயிற்று.

கிளாப்டன் பயன்படுத்தியது ஆம்ப்ளிஃபயரும் 12 அங்குல ஸ்பீக்கர்கள் இரண்டும் ஒரே பெட்டியில் அமைந்த வகை. அதன் வரிசை எண் 1962. அதேபோல் 100 வாட் சூப்பர் லீட் பெட்டியின் வரிசை எண் 1959. இவை ஆண்டுகள் அல்ல. கடைச் சரக்கு எண்கள். 1965-க்கு முன் இல்லாத பெட்டியை 1959-இல் செய்ததாக எழுதிவிடும் பிழை எளிதில் நேரக்கூடியது. கல்வெட்டுக் காலக்கணிப்பில் மட்டுந்தான் எண்கள் ஏமாற்றும் என்றில்லை.

கோபுரம் எழுந்த கதை

கூட்டம் பெருகியது, அரங்குகள் விரிந்தன. ஆனால் அரங்குகளின் பொது ஒலியமைப்பு பாடகரின் குரலுக்கே போதாத நிலையில் இருந்தது. கிட்டாரை மைக்கில் பிடித்து அரங்கம் முழுதும் பரப்பும் வழி அன்று இல்லை. கிட்டார்காரரின் ஆம்ப்ளிஃபயர் ஒன்றே கடைசி வரிசை வரை சென்றாக வேண்டும். ஹூ குழுவின் டவுன்ஷெண்ட் 100 வாட் வேண்டும் என்றார். மார்ஷல் குழுவினர் செய்து கொடுத்தனர். 12 அங்குல ஸ்பீக்கர்கள் 8 அடங்கிய ஒரே பெட்டி வேண்டும் என்றார். அதையும் செய்தனர். தூக்கிச் சுமந்த பணியாளர்கள் முறையிட, அப்பெட்டியை இரண்டாகப் பிளந்து ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினர். 1965 வாக்கில் எழுந்த இவ்வடுக்கே மார்ஷல் ஸ்டாக் எனப் புகழ்பெற்ற கோபுரம்.

1966 செப்டம்பரில் அமெரிக்காவிலிருந்து லண்டன் வந்திறங்கிய ஜிமி ஹென்ட்ரிக்ஸின் குழுவில் டிரம்ஸ் வாசித்த மிட்ச் மிச்செல், மார்ஷலிடம் பயின்றவர். அவர் கடையில் வேலையும் பார்த்தவர். அவர் வழியே ஹென்ட்ரிக்ஸ் மார்ஷலைச் சந்தித்தார். ஹென்ட்ரிக்ஸின் முழுப்பெயர் ஜேம்ஸ் மார்ஷல் ஹென்ட்ரிக்ஸ் என்பது கதை புனைவோரும் துணியாத தற்செயல். அக்கோபுரத்தின் முன் அவர் நின்றபோது, ஸ்பீக்கரின் ஒலி கிட்டாரின் கம்பியை மீண்டும் அதிரவைக்கும் பின்னூட்ட ஓலமும் இசையின் ஒரு சுரமாயிற்று.

மார்ஷல் மட்டுமே அக்காலத்தின் குரல் என்று கொள்ளலாகாது. கென்ட் மாவட்டத்து டார்ட்ஃபோர்டில் தாமஸ் ஜென்னிங்ஸின் நிறுவனத்தில் டிக் டென்னி வடிவமைத்த வாக்ஸ் ஏ.சி.15 பெட்டி 1958-இலேயே வந்துவிட்டது. அதன் இரட்டை வலிமையுடைய ஏ.சி.30 ஷேடோஸ் குழுவையும் பீட்டில்ஸையும் தாங்கியது. இ.எல்.84 என்னும் சிறிய வால்வுகள் நான்கைக் கொண்டது. மணியோசை போன்ற மேற்குரல் உடையது. தந்தையோடு சேர்ந்து வீட்டிலேயே கிட்டார் செய்துகொண்ட குவீன் குழுவின் பிரையன் மே, ஏ.சி.30 பெட்டியையே தம் குரலாகக் கொண்டார். டேவ் ரீவ்ஸின் ஹைவாட் உரக்க ஒலித்தும் தெளிவு குன்றாதது; டவுன்ஷெண்டும் பிங்க் ஃபிளாய்டின் டேவிட் கில்மரும் அதை நாடினர். கிளாசிக் ராக் என்று நாம் ஒரே பெயரில் அழைப்பது பல குரல்களின் தொகை.

தட்டில் இருந்தது எது?

இங்கே நாம் சற்று விழிப்போடு இருக்க வேண்டும். மேடையில் கண்டதே தட்டில் கேட்டது என்று நம்பிக் கோபுரத்தை வாங்க ஓடுவோர் பலர். பதிவுக்கூடத்தில் நடந்தது வேறு. 1969 ஜனவரியில் வெளிவந்த லெட் ஸெப்பெலின் குழுவின் முதல் இசைத்தட்டில் மலைபோல் எழும் கிட்டாரை, ஜிம்மி பேஜ் ஒரு சிறிய சூப்ரோ ஆம்ப்ளிஃபயரில் வாசித்தார். 1970-இல் மயாமியில் பதிவான 'லைலா' இசைத்தட்டில் கிளாப்டனும் டுவேன் ஆல்மனும் ஃபெண்டர் சாம்ப் என்னும் சிறு பெட்டிகளையே பயன்படுத்தினர். சாம்ப் மாணவர்களுக்காகச் செய்தது. சுமார் 5 வாட், 8 அங்குல ஸ்பீக்கர் ஒன்று. நான்கு ஆண்டுகளுக்கு முன் டெக்கா கூடத்தை அதிரவைத்த அதே கிளாப்டன்தான் இவர்.

காரணம் எளிது. திரிபு பிறப்பது வால்வு தன் எல்லையை எட்டும்போது. 100 வாட் பெட்டி எல்லையை எட்டும்போது அறையில் மனிதர் இருக்க இயலாது. 5 வாட் பெட்டி, அண்டை வீட்டார் கதவைத் தட்டும் அளவிலேயே எல்லையை எட்டிவிடும். மைக்குக்குப் பெட்டியின் உயரம் தெரியாது.

செவியின் கணக்கும் இதற்குத் துணைசெய்கிறது. ஒலி இருமடங்காகக் கேட்க வேண்டுமெனில் ஆற்றல் ஏறத்தாழ 10 மடங்காக வேண்டும். 100 வாட் பெட்டி 50 வாட் பெட்டியைவிட 3 டெசிபல் மட்டுமே உரக்க ஒலிக்கும். 10 வாட் பெட்டியைப் போல் இருமடங்கு கேட்கும். வாட் எண்ணை விலையோடு பெருக்கிப் பார்ப்போர் இதை மறக்கலாகாது.

இச்சிக்கலை ஆம்ப்ளிஃபயர் செய்வோரும் உணர்ந்தனர். முதற்கட்டத்தில் திரிபை உண்டாக்கி, இறுதியில் ஒலியைத் தாழ்த்தும் மாஸ்டர் வால்யூம் குமிழை மார்ஷல் நிறுவனம் 1975-இல் தன் 100 வாட் பெட்டியில் சேர்த்தது. அமெரிக்காவில் ரேண்டல் ஸ்மித் சிறு ஃபெண்டர் பெட்டிகளைத் திருத்தி அமைத்து இவ்வழியில் முன்பே நடந்திருந்தார். 1981-இல் வந்த மார்ஷல் ஜே.சி.எம்.800 வரிசை அப்பத்தாண்டின் கனத்த ராக் இசைக்குக் குரலாயிற்று. அந்த எழுத்தும் எண்ணும் ஜிம் மார்ஷலின் காரின் பதிவெண்ணிலிருந்து எடுத்தவை.

கொடுத்த விலை

பேரொலியின் வரலாற்றைப் பாராட்டுரையாக மட்டும் எழுதுவது நேர்மையாகாது. 1976 மே 31-ஆம் நாள் லண்டன் சார்ல்டன் மைதானத்தில் ஹூ குழுவின் நிகழ்ச்சியில் 32 மீட்டர் தொலைவில் 126 டெசிபல் பதிவானது. உலகிலேயே உரத்த குழு என்று கின்னஸ் புத்தகம் அதை ஏற்றது. செவிக்கு ஊறு விளைவிக்கும் போட்டியாக மாறுவதை உணர்ந்து, பின்னாளில் அப்பிரிவையே கைவிட்டது. கோபுரம் எழக் காரணமாயிருந்த பீட் டவுன்ஷெண்ட், தம் செவித்திறன் குறைந்ததையும் காதில் ஓயாமல் இரைச்சல் கேட்பதையும் வெளிப்படையாகப் பேசினார். பதிவுக்கூடத்தில் காதில் மாட்டிய ஹெட்ஃபோனையே அவர் முதன்மைக் காரணமாகக் கூறினார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இசைக்கலைஞனுக்குச் செவியே முதல் கருவி. உட்செவியின் நுண்மயிர் உயிரணுக்கள் அழிந்தால் மனிதரில் அவை மீண்டும் முளைப்பதில்லை. வால்வை மாற்றலாம், ஸ்பீக்கரை மாற்றலாம், இதை மாற்ற இயலாது.

1984-இல் வந்த 'திஸ் இஸ் ஸ்பைனல் டாப்' என்னும் திரைப்படம், குமிழில் 10-க்கு மேல் 11 என்று எழுதிவைத்துப் பெருமைப்படும் கிட்டார்காரரைக் காட்டி உலகைச் சிரிக்கவைத்தது. சிரித்தவர்களுள் ராக் கலைஞர்களும் இருந்தனர். தம் முகத்தையே கண்டு சிரித்த சிரிப்பு அது.

இன்றைய நிலையும் நம் விடையும்

வானொலியும் தொலைக்காட்சியும் டிரான்ஸிஸ்டருக்கு மாறியபின் உலகின் பெரும் வால்வு ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. இங்கிலாந்தில் பிளாக்பர்ன் நகரத்து முல்லார்டு ஆலையும் வால்வு செய்வதை நிறுத்தியது. நம் பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் ஒரு காலத்தில் செய்த வால்வுகளைப் பழஞ்சரக்காகத் தேடி வாங்குவோர் இன்றும் வெளிநாடுகளில் உண்டு. ரஷ்யாவின் சராடவ், ஸ்லோவாக்கியாவின் சாட்ஸா, சீனா ஆகிய ஒருசில இடங்களே கிட்டார் உலகுக்கு வால்வு தருவனவாக எஞ்சின. 2022-இல் உக்ரைன் போரை ஒட்டி ரஷ்யாவின் ஏற்றுமதி தடைப்பட்டபோது, வால்வு விலை எங்கும் ஏறியது. வால்வு ஆம்ப்ளிஃபயர் வாங்குவோர் அதன் வால்வுகளையும் காலந்தோறும் வாங்கவேண்டிவரும் என்பதை நினைவிற்கொள்வது நலம். மின்னிணைப்பைத் துண்டித்த பின்னும் உள்ளே பல நூறு வோல்ட் தேங்கி நிற்கக்கூடும், அறியாதோர் திறக்கலாகாது.

மறுபுறம், வால்வின் இயல்பைக் கணிதமாக மாற்றி எண்முறையில் ஒலிக்கவைக்கும் கருவிகள் வந்துவிட்டன. லைன் 6 நிறுவனத்தின் பாட் என்னும் சிறு கருவி 1998-இல் வந்தபோது ஏளனம் செய்தோர் பலர். இன்று அவ்வழியில் வந்த கருவிகளைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டு வேறுபடுத்துவது தேர்ந்த செவிகளுக்கும் அரிது. வழிநூலுக்கும் வழிநூல் தோன்றும் காலம் இது.

ஜிம் மார்ஷல் 2012 ஏப்ரல் 5-ஆம் நாள் தம் 88-ஆம் வயதில் மறைந்தார். அதே ஆண்டு, நிறுவனத்தின் பொன்விழாவை ஒட்டி வெளிவந்தவை 1 வாட் ஆம்ப்ளிஃபயர்கள். பேரொலியின் தந்தை எனப் பெயர்பெற்றவர் தொடங்கிய நிறுவனம் தன் பொன்விழாவைச் சிற்றொலியால் கொண்டாடியது. 2023-இல் ஸ்வீடன் நாட்டு நிறுவனத்தின் கைக்கு அது மாறியது. நம் நகரத்துக் கடைகளில் மார்ஷல் என்னும் வெள்ளெழுத்தைத் தாங்கிய புளூடூத் ஸ்பீக்கரைக் கேட்டு வாங்கும் இளைஞர் பலருக்கு அக்ஸ்பிரிட்ஜ் சாலையின் மேளக்கடை தெரியாது.

இனித் தொடக்கக் கேள்விக்கு வருவோம். வீட்டில் வாசிப்பவருக்கு 5 வாட் வால்வு ஆம்ப்ளிஃபயரே மிகுதி. அண்டை அயலாரையும் கருதினால் 1 வாட் பெட்டியோ, ஹெட்ஃபோனில் அளவோடு கேட்கக்கூடிய எண்முறைக் கருவியோ ஏற்றது. சிறு அரங்கில் டிரம்ஸோடு வாசிப்பவருக்கு 15 முதல் 30 வாட் போதும். எஞ்சியதை அரங்கின் ஒலியமைப்பு பார்த்துக்கொள்ளும். ஹென்ட்ரிக்ஸ், கிளாப்டன் வழியை விரும்புவோர் இ.எல்.34 குடும்பத்துப் பெட்டியையும், பிரையன் மே வழியை விரும்புவோர் இ.எல்.84 குடும்பத்துப் பெட்டியையும் கேட்டுப் பார்க்கலாம். 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்றேனும் இருப்பது நன்று. கடையில் கேட்கும்போது குமிழை உச்சத்துக்குத் திருகி ஒரு முறையும், கிட்டாரின் குமிழைத் தாழ்த்தி ஒரு முறையும் கேட்க வேண்டும். மெல்லத் தொட்டால் தெளிந்தும் ஓங்கி மீட்டினால் திரிந்தும், விரலின் கருத்தை அறிந்து குரல் கொடுக்கும் பெட்டியே நல்ல பெட்டி.

மார்ஷல் குழுவினர் ஃபெண்டரின் ஒலியை அப்படியே பெற விரும்பினர். அவர்களிடம் இருந்த பொருள்கள் அதற்கு இடந்தரவில்லை. இடந்தராத அந்த இடைவெளியில்தான் அவர்கள் குரல் பிறந்தது. கையில் இருக்கும் காசுக்குக் கிடைத்த பெட்டியை வைத்துக்கொண்டு, அது ஹென்ட்ரிக்ஸ் போல் ஒலிக்கவில்லையே என்று வருந்தும் இளைஞருக்கு நாம் சொல்லக்கூடியது, ஹான்வெல்லில் முதல் ஐந்து மாதிரிகளும் அவர்கள் நினைத்தபடி ஒலிக்கவில்லை என்பதே.